பயிற்சிக்கு மெடிக்கல் லீவு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம் என்று தொடங்கினேன், இடுப்பு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அம்மா நலம். நீயும் மாப்பிள்ளையும் என் குண்டுப் பேத்தி பூசணியும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீ பாதியில் சிரித்துவிடுவாய், நான் மீதியை மாற்றிவிடுவேன். அதனால் கடிதம்.

போன முறை நீ வந்தபோது நடந்ததை நாம் இருவரும் பேசவே இல்லை. பூசணியைத் தரையிலிருந்து தூக்கினேன். பாதி வழியில் இடுப்பில் ஒரு பிடி. பேத்தி சோபாவில் விழுந்தாள். விழுந்தாள் என்று சொல்லக் கூடாது. வைத்தேன், கொஞ்சம் உயரத்திலிருந்து. அவள் சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு நாளும் அவளை என் மடியில் வைத்தாய், கையில் தரவில்லை. கிளம்பும்போது, "பிசியோ சொல்லட்டும்ப்பா, அப்புறம் தூக்கலாம்" என்றாய். வருகிற பன்னிரண்டாம் தேதி நீ வருகிறாய். ஆறு வாரப் பயிற்சியும் அன்றோடு முடிகிறது. பிசியோ என்ன சொன்னாள் என்பதை நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெண் கெட்டிக்காரி. ஒரே ஒரு தப்புதான் செய்தாள். ஐந்து பயிற்சிகள், நாற்பத்திரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு தாளை நீட்டி, "செஞ்ச நாள்ல ஒரு டிக் போடுங்க சார், அவ்வளவுதான்" என்றாள். தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருபத்தொன்பது வருடம் உட்கார்ந்து எண்ணூறு பேரின் வருகையைக் குறித்தவனிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுக்கலாமா?

முதல் வாரம் ஏழு நாளும் ஆஜர், டிக்கைச் சிவப்பு மையில் போட்டேன், தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன், இரண்டாவது வாரம் வலி நின்றுவிட்டது, வலி இல்லாதவனுக்கு இடுப்பில் என்ன வேலை என்று இரண்டு நாள் சி.எல். போட்டேன், மூன்றாம் நாள் உன் அம்மா கூடத்தைத் துடைத்திருந்தாள், தரை ஈரம், அதற்கு ஒரு பெர்மிஷன், ஞாயிறு வார விடுமுறை, அதற்குள் யாரும் கேட்காமலேயே பீரோவை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன், வலி திரும்பி வந்தது, வலியோடு எப்படிப் பயிற்சி செய்வது என்று மூன்றாவது வாரம் முழுக்க மெடிக்கல் லீவு. நான்காவது வாரம் மனசாட்சி உறுத்தியது. தினமும் பாயை விரித்துப் படுத்தேன். படுத்தால் ஆன் டியூட்டி.

"என்னங்க, பயிற்சியா தூக்கமா?"

"மூச்சைக் கவனிச்சுட்டு இருக்கேன்."

"மூச்சா? தெருமுனை வரைக்கும் கேக்குது."

வேறு எந்தத் தொழிலாளி இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தாலும் மேனேஜர் அறைக்கு அனுப்பியிருப்பேன். அடுத்தவன் பொய்க்கு எனக்கு ஒரு பார்வை போதும். என்னுடையதற்குச் சாட்சி தேவைப்பட்டது.

சாட்சி போன செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அம்மாவோடு கிளினிக்குக்குப் போயிருந்தேன். பிசியோ தாளைப் பார்த்தாள்.

"இந்த எம்.எல். என்ன சார்?"

"மெடிக்கல் லீவு."

"எதுக்கு?"

"இடுப்பு வலிக்கு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். மூன்றாவது பயிற்சியைச் செய்து காட்டச் சொன்னாள். கட்டிலில் மல்லாந்து ஒரு காலைத் தூக்கினேன். "அது ரெண்டாவது." இன்னொரு காலைத் தூக்கினேன். "அதுவும் ரெண்டாவதுதான் சார்."

அப்போது உன் அம்மா எழுந்தாள். கைப்பையை என் வயிற்றின் மேல் வைத்தாள். பக்கத்துக் கட்டிலில் படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி, பத்து எண்ணி இறக்கினாள். நான்காவதையும் செய்தாள். ஐந்தாவதையும்.

"இங்க யாரும்மா பேஷண்ட்?"

"இவர் பாயை அப்படியே போட்டுட்டுப் போயிடுவார். சுருட்டி வைக்கிறதுக்கு முன்னாடி நானும் படுத்துப் பார்ப்பேன். பிரிட்ஜ்லதான் எல்லாம் ஒட்டியிருக்கே. எனக்கும் ஒன்பது வருஷமா வலி. இப்ப பத்து நாளா இல்ல."

"ஒன்பது வருஷமா? சார்கிட்ட சொல்லலையா?"

"இவர்கிட்டயா? லீவ் லெட்டர் கேப்பார்."

பிசியோ சிரித்தாள். நானும் சிரித்தேன். வீடு வரும்வரை அந்த ஒன்பதைக் கழிக்கவும் வகுக்கவும் முயன்றேன். ஒன்பதாகவே நின்றது.

பிசியோ தாளைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். இனி ஐந்து இல்லை, இரண்டே பயிற்சி. தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் கொதிப்பதற்குள் முடிந்துவிடும். இருவரும் சேர்ந்து செய்ய வேண்டும். "வலிச்சா குறைச்சுக்குங்க, விட்டுடாதீங்க. ஒரு நாள் விட்டுப்போச்சா, மறுநாள் செய்ங்க, கணக்கு எழுதாதீங்க. அரை மணிக்கு மேல ஒரே இடத்துல உட்காராதீங்க." பேத்தியைப் பற்றிக் கேட்டேன். ஒன்பது கிலோ என்றேன். "வாளியில தண்ணி பிடிச்சுத் தூக்கிப் பழகுங்க. முழங்கால் மடங்கணும், முதுகு மடங்கக் கூடாது. நிமிர்ந்து வாங்கிக்கிறதுன்னா இப்பவே வாங்கிக்கலாம்" என்றாள்.

இன்றோடு ஆறு நாள். அடுப்பில் தண்ணீர், தரையில் நாங்கள். கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் இருவரும் விழித்துக்கொண்டு ஒரே கூரையைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. சுண்ணாம்பு உதிர்ந்த ஓரிடம் என் பழைய மேனேஜர் மாதிரி இருக்கிறதாம். இருக்கிறது. பிறகு வாளி. அதற்கும் பூசணி என்றே பெயர். நேற்று நிறையத் தண்ணீரோடு பத்து முறை தூக்கினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

ஆகவே மகளே, பன்னிரண்டாம் தேதி மடியில் வைக்காதே. கையில் கொடு. வேறொன்றும் கேட்கவில்லை.

பூசணிக்கு முத்தங்கள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. கம்ப்யூட்டர் முன்னாலிருந்து அவரை அவ்வப்போது எழுப்பிவிடு. உங்கள் மூவரின் முதுகும் நூறு வயது வரை நேராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
முழு ஆரோக்கியத்துடன்,
அப்பா

பி.கு.: இதை எழுத உட்கார்ந்து இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. எழ முடியவில்லை. 'முழு ஆரோக்கியத்துடன்' என்பதை நீயே அடித்துவிடு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கிறது, அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறேன். பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட முடியுமா, பார்.

தள்ளிப்போடாதே. அம்மா எழுதுகிறேன். எழுப்பிவிட்டேன், பாயில் படுத்து எண்ணிக்கொண்டிருக்கிறார், நாலுக்கு அப்புறம் ஆறு வருகிறது. வாளியில் பாதித் தண்ணீர்தான், பிடித்து வைப்பது நான். அதனால்தான் சிந்தவில்லை. நீ பன்னிரண்டாம் தேதியே வா. பூசணியைத் தரையிலிருந்து நான் தூக்குகிறேன். உன் அப்பா நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் நீட்டினால் போதும்.