ஒரு விரல் மிச்சம்

பேண்ட் காலின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் மூன்று விரல் இறக்கித் தைத்ததும் இதே கைதான். இப்போது மூன்று விரல் ஏற்ற வேண்டுமாம். வீட்டில் இருக்கும் ஒரே முக்காலியில் உட்கார்ந்து பிரிக்கிறேன்.

பேண்ட் என் வீட்டுக்காரருடையது. செருப்புக் கடையில் பெண்கள் பகுதியில் விற்பனைக்கு நிற்கிறார். அடி முழுக்கப் பலகை மாதிரித் தடித்திருக்குமே, பிளாட்ஃபார்ம் செருப்பு, அதை விற்பதில் கெட்டிக்காரர். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். மெல்லிய காலுக்கு அகலப் பட்டி. செருப்பும் பாவாடையும் ஒரே நிறம். பாவாடை ஓரம் அடியை மூட வேண்டும், தரையைத் தொடக் கூடாது. முதல் பத்து அடி மெதுவாக. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

ஊர்ப் பெண்களையெல்லாம் உயர்த்திவிடுகிறவர், என்னை மட்டும் விடமாட்டார். நான் அவரைவிட இரண்டு விரல் உயரம். கல்யாணப் போட்டோவில் நான் நாற்காலியில் இருக்கிறேன், அவர் நிற்கிறார். எவ்வளவு மரியாதை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மேல் தட்டில் ஒரு சாமானை எடுக்கக்கூட என்னைக் கூப்பிடமாட்டார். இந்த முக்காலியில் ஏறுவார்.

பாப்பா பிறந்து பத்து மாதம். நான் படியிறங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அதில் எந்தக் கறை எப்போது வந்தது என்று என்னைக் கேட்டால் சொல்வேன். வேறு யாரும் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

அப்போதுதான் கடையில் ஒரு பெண் வேலையை விட்டு நின்றுவிட்டாள். காலையில் மட்டும் என்னை வரச் சொல்லலாமே என்று முதலாளியம்மா கேட்டிருக்கிறார். இவர் அதை என்னிடம் சொல்ல நான்கு நாள் ஆனது. அதுவும் கை கழுவிக்கொண்டே.

"நீ வாயே திறக்கமாட்டே. வேணாம்னு நானே சொல்லிடுறேன். ஆனா ஒரு தடவை பார்க்கணுமாம் அந்தம்மாவுக்கு. ஞாயித்துக்கிழமை வந்து தலையைக் காட்டிட்டுப் போயிடு."

மறுநாள் இந்தப் பேண்டைக் கொடுத்தார். துவைத்துத் துவைத்துச் சுருங்கிவிட்டது, மூன்று விரல் இறக்கு என்றார். அளந்து பார்த்தேன். ஒரு நூல்கூடச் சுருங்கவில்லை. இறக்கிக் கொடுத்தேன்.

அடுத்த நாள் கட்டிலுக்கடியில் பாப்பா துணி தேடும்போது பழைய பெட்டியில் அது இருந்தது. கறுப்பு பிளாட்ஃபார்ம் செருப்பு, அகலப் பட்டி. போட்டுப் பார்த்தேன். அளவெடுத்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் வாங்கி ஒளித்து வைத்திருக்கிறார் என்று கொஞ்ச நேரம் சந்தோஷமாக நின்றேன். பிறகுதான், எங்கள் இருவருக்கும் பாதம் ஒரே அளவு என்பது ஞாபகம் வந்தது. கழற்றி, உட்கார்ந்து அடியை அளந்தேன். மூன்று விரல். என் இரண்டு விரல் போக, அவருக்கு ஒரு விரல் மிச்சம்.

பாப்பா அழுதது. எழுந்திருக்கவே தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பாவாடை கட்டி, அந்தச் செருப்பைப் போட்டு, பாப்பாவோடு வாசலில் நின்றேன். உள்ளே பெட்டி இழுபடும் சத்தம். பிறகு அலமாரி. பிறகு மறுபடி பெட்டி.

"என்ன தேடுறீங்க?"

"பேனா."

"சட்டைப் பையில இருக்கே."

பழைய செருப்பில் வந்தார். பேண்ட் பின்னால் தரையைப் பெருக்கியது. என்னை அண்ணாந்து பார்த்தார்.

"என்ன, உயரமாத் தெரியறே?"

"பத்து மாசமா உட்கார்ந்தே இருந்தேன்ல. இப்பத்தானே நிக்கிறேன்."

கடை வாசலில் தன் பேண்டைத் தானே மிதித்து, ஒரு ரேக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதலாளியம்மா அவரைப் பார்க்கவில்லை, என் காலைத்தான் பார்த்தார். இந்தச் செருப்பை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டார்.

"அவர்தான்" என்றேன்.

இந்தப் பாவாடைக்கு இந்தச் செருப்பு என்று யார் சொன்னது?

"அவர்தான்."

முதலாளியம்மா ரேக் பக்கம் திரும்பினார். "வீட்டுலயே இவ்வளவு பழக்கி வச்சிருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லலையே. நாளையிலேருந்து வரட்டும்."

ஒரு கையில் ரேக்கும் மறு கையில் பேண்டுமாக, அவர் சிரித்தார்.

திரும்பும்போது பத்தடி முன்னால் நடந்தார். ஜெயித்த மாதிரி எனக்கும் இல்லை. எங்களுக்கு நடுவில் இப்போது ஐந்து விரல், முழுசாக ஒரு கை. வாசலில் கிடக்கும் அந்தச் செருப்பை, நாய் படுத்திருக்கிற மாதிரி சுற்றிக்கொண்டு போகிறார். காலையில் பாப்பாவை அவர்தான் பார்க்கிறார், மத்தியானம்தான் கடைக்குப் போகிறார். இன்று கடைக்கு விடுமுறை. சமையலறையில் பாப்பா பசிக்கு அழுகிறது. பால் டப்பா மேல் தட்டில் இருக்கிறது. அதை அங்கே வைத்தது யாரென்று நான் சொல்லப்போவதில்லை.

"ஏம்மா, முக்காலி எங்க?"

"நான் உட்கார்ந்திருக்கேங்க."

சமையலறையில் அவர் எம்பி எம்பிக் குதிக்கும் சத்தம். பிறகு மெதுவாக, "சரி, நீயே வந்து எடுத்துக் கொடு. எனக்கு எட்டல."

கல்யாணமான மூன்று வருடத்தில் இந்த வார்த்தையை இன்றுதான் கேட்கிறேன். இந்த ஒரு தையலை மட்டும் பிரித்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தால், நூல் முடிகிற மாதிரியே இல்லை.