மார்புக்குக் கீழே காணோம்

அரைகுறைப் படிப்பு எவ்வளவு ஆபத்து என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேளுங்கள். ஒரு ஜமீன்தாரின் அப்பாவையே நான் குளத்தில் போட்டிருக்கிறேன்.

அப்போது ஆரணிக்குப் பக்கத்து ஜமீன் மாளிகையில் இளைய ஜமீன்தார் காட்சிச்சாலை ஒன்று அமைத்துக்கொண்டிருந்தார். வாள், பல்லக்கு, பீங்கான் என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதும் குமாஸ்தா நான். திறப்பு விழா ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் மகள் சொர்ணத்தைத் தருவேன் என்று, பட்டுத்தறி வைத்திருந்த என் மாமா கறாராகச் சொல்லியிருந்தார். (அவளைப் பார்க்கும் சாக்கில் அந்த வீட்டில் நான் குடித்த மோரில் ஒரு ஏரியே நிரம்பும்.)

விழாவுக்கு முதல் நாள் ஜமீன்தார் வெளியூர் போயிருந்தபோது சீமையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே புத்தம்புது வெண்கலச் சிலை. வழுக்கைத் தலை, மீசை, மார்பு, அத்தோடு சரி. கையில்லை, இடுப்பில்லை. எனக்குப் பகீரென்றது. பெட்டியிலிருந்த வைக்கோல் முழுவதையும் உதறிப் பார்த்தேன்.

"மீதி பின்னாடி வந்துகினு இருக்கும்யா, எதுக்குப் பேஜாரு?" என்றார் காவல்கார காசிம் பாய்.

"இல்ல பாய், கப்பல்லயே உடைஞ்சிருக்கு. பின்னமான சிலைய வெச்சிகினு இருந்தா குடும்பத்துக்கு ஆவாது. தண்ணியிலதான் விடணும்."

பதிவேட்டில் 'நிலைமை' என்ற இடத்தில், "மார்புக்குக் கீழே காணோம்" என்று எழுதினேன். நான் கற்பூரம் காட்ட, பாய் மாளிகைக் குளத்தில் தள்ளிவிட்டார். ஜமீனையே காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். மாமாவும் வந்திருந்தார். ஜமீன்தார் காலிப் பீடத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அப்பா எங்கய்யா?"

எனக்குப் புரியவில்லை. அவர் அப்பா காலமாகி வருஷக்கணக்காகிறது.

"போட்டோவ அனுப்பி சீமையில செஞ்சு வாங்கின சிலைய்யா. மார்பளவுச் சிலை. அப்படித்தான் செய்வாங்க."

எப்போதும் தலைப்பாகையோடு பார்த்த மனிதரை வழுக்கையோடு எப்படி அடையாளம் காண்பது? கை தானாகவே குளத்தைக் காட்டியது.

ஜமீன்தார் குளத்தை எட்டிப் பார்த்தார். "அஸ்திய நான் கரைச்சேன்," என்றார் மெதுவாக. "மீதிய நீ கரைச்சிட்டியா?"

நானே குளத்தில் இறங்கினேன். சேற்றைத் துழாவி, சிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழுந்தேன். அந்த நேரம் பார்த்து மாடி ஜன்னலுக்கு வந்த ஜமீன்தாரின் தாயார் பெரிய அம்மாள், தலையில் தாமரை இலையோடு தன் கணவர் தண்ணீரிலிருந்து எழுவதைப் பார்த்து அங்கேயே மயங்கி விழுந்தார்.

வேலை அப்போதே போயிற்று. மாமா என் முகத்தில்கூட விழிக்காமல் வீட்டுக்குப் போய், திட்டித் திட்டி முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். சொர்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டாள். மாமாவின் தறியில் இன்றைக்கும் நான்தான் கணக்குப்பிள்ளை.

போன மாசம் ஆசைப்பட்டு மார்பளவில் ஒரு போட்டோ பிடித்துக்கொண்டு வந்தேன். சொர்ணம் வாங்கிப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள்.

"கற்பூரம் எடுத்துகினு வாங்கடா. அப்பா பின்னமாயிட்டாரு."