பதினாலு சாமான் காணோம்

"பதினாலு சாமான் காணோம் மாமா" என்றான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை மகன் உஸாமா.

மைதீன் பிச்சை உடனே எழுந்து போய் ஆபீஸ் கதவைத் தாழ்ப்பாள் போட்டார். முதலில் ஆளை வெளியே விடக் கூடாது. என்ன காணோம் என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். திருமுடிவாக்கத்தில் முப்பது வருஷமாக வாஷர் பட்டறை நடத்துகிறவருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இன்னா சாமான்? பித்தளையா?"

"ஐயோ மாமா, ப்ரோக்ராமுக்கு வேண்டிய ஃபைலு. ஜோஷ்வா எழுதினதெல்லாம் இந்த சிடில பத்திரமா இருக்கு. ஆனா அது தனியா நிக்காது. வேற யாரோ எழுதி வெச்ச ரெடிமேட் ஃபைல் பதினாலு கூடச் சேந்தாத்தான் கட்டி முடிச்சு ஓட்ட முடியும். அந்தப் பதினாலும் இல்ல."

"வாஷர் நம்முது, போல்ட்டு வெளியில வாங்கினது. அப்படித்தானே?"

"கரெக்ட்."

"வாஷர குடுத்துட்டு போல்ட்ட அமுக்கிட்டான். நான் அன்னிக்கே சொன்னேன்."

அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிச்சை யாரையாவது சந்தேகப்படாத நாளே கிடையாது என்பதால், எந்த நாளைச் சொன்னாலும் பொருந்தும்.

எந்த வாஷர் எந்தத் தகட்டில் அடித்தது என்று சொல்லும் ஜாவா ப்ரோக்ராம் அது. எழுதின ஜோஷ்வா போன மாதம் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். உள்ளே ஏதாவது வேவு வைத்திருப்பான் என்று மறுநாளே கம்ப்யூட்டரைத் துடைத்தெடுக்கச் சொன்னது பிச்சைதான். பதிவுகள் தனியே இருந்ததால் பிழைத்தன. ப்ரோக்ராம் போயே போய்விட்டது. நல்லவேளை, ப்ரோக்ராமின் மூலத்தை சிடியில் எழுதி அம்மா செல்லம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான் பையன். போன வாரம்தான் அந்த அம்மாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

இன்றைக்கு நாலு மணிக்கு கார் கம்பெனியிலிருந்து தோத்தாத்ரி வருகிறார். ப்ரோக்ராம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் வருஷ ஆர்டர் தருவார். இல்லையென்றால் பன்னிரண்டு மெஷினில் எட்டை நிறுத்த வேண்டியதுதான்.

அப்போது மணி பத்தரை.

முனியம்மா கதவைத் தட்டி டீ கொடுத்துவிட்டுப் போனாள். பிச்சை ஈ விழாமல் க்ளாஸை மூடி வைத்தார். மூடி என்பது கேட்டில் எவனிடமோ பிடித்த சிடி, பாட்டோ படமோ. அந்தப் பட்டறையில் முதலாளி எழுதின சீட்டில் இல்லாத எதுவும் கேட்டைத் தாண்ட முடியாது, உள்ளே வருவதும் சரி, வெளியே போவதும் சரி. வாட்ச்மேன் ஏசுபாதம் பிடித்து பிஸ்கட் டின்னில் போடுவார். சனிக்கிழமை டின் முதலாளி மேஜைக்கு வரும். போன சனிக்கிழமை இரண்டு பீடிக்கட்டு, ஒரு சீப்பு, இந்த சிடி. பிச்சைக்கு உபயோகப்பட்டது இது ஒன்றுதான்.

"ஜோஷ்வாவுக்கு ஃபோன் போடு. நான் பேசறேன்."

"நான் பேசறேனே மாமா."

"நீயும் அவனும் ஒரே ஜாவாக்காரனுங்க. குடு இங்க."

அந்தப் பக்கம் ஜோஷ்வா மரியாதையாகத்தான் ஆரம்பித்தான். "சார், எல்லாமே அனுப்பிட்டேன் சார். மொத்தம் ரெண்டு..."

"ரெண்டும் வேணாம், மூணும் வேணாம். பதினாலு எங்க? நாளைக்கு நான் உன் கால்ல வந்து விழணும்னுதானே எடுத்து வெச்சிருக்க? இல்ல உங்கம்மா வழியிலயே வித்துட்டாங்களா?"

"அம்மாவ ஏன் சார் இழுக்கறீங்க?"

லைன் அறுந்தது. மறுபடி போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"பாத்தியா? திருடன் ஃபோன அணைச்சிட்டான்" என்றார் பிச்சை, திருப்தியாக.

உஸாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "நெட்ல எடுத்துக்கலாம் மாமா. சும்மாவே கிடைக்கும்."

"சும்மாவா? எவன் குடுக்கறான்?"

"எழுதினவங்களே குடுக்கறாங்க."

"எழுதினவனே சும்மா குடுத்தா, அதுல என்னமோ கீது."

பட்டறையில் நெட் கிடையாது. வைத்தால் ரகசியம் வெளியே ஓடிவிடும் என்பது முதலாளியின் எண்ணம். இரண்டு பேரும் டிவிஎஸ்ஸில் தாம்பரம் போய் ஒரு ப்ரௌசிங் சென்டரில் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு ஃபைலுக்கும் பழசு, புதுசு என்று ஏழெட்டு கிடந்தது.

"புதுசா பாத்து எடு. பழசத் தலையில கட்டிடப் போறானுங்க."

"ஜோஷ்வா பழசுக்குத்தான் மாமா எழுதியிருப்பான். அது எதுன்னுதான் தெரியல."

"துருப்புடிச்ச போல்ட்ட நான் காசு குடுத்தே வாங்க மாட்டேன். சும்மா வாங்குவனா? புதுசு எடு!"

ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்து ஏற்றினார்கள். கம்ப்யூட்டர் கொஞ்சநேரம் யோசித்தது. முன்னே பதினாலு குறை சொன்னது இப்போது அறுபத்தொன்று சொன்னது.

"அவன் கோடுக்கும் இதுக்கும் ஒத்தே வரல மாமா. மரைக்குப் பொருந்தாத போல்ட்டு மாதிரி."

"செல்லம்மாவக் கூப்பிடு" என்றார் பிச்சை.

கீழ்க்கட்டளையில் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, மூன்றரை மணிக்கு செல்லம்மா வந்து நின்றாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கியது. முகத்தைப் பார்த்தால், மகன் ஏற்கெனவே ஃபோன் பண்ணியிருந்தது தெரிந்தது.

"இன்னா பாய், நான் வித்துட்டேனாமே?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. சிடி கொண்டாந்த பைய எங்கயாவது தொறந்தியா?"

"எம்புள்ள முடிச்சு போட்டுக் குடுத்தான். முடிச்சோட உங்க கேட்டுல குடுத்தேன். உங்க பட்டறைல பச்சத் தண்ணிகூட குடிக்கல."

"வர்ற வழியில எங்க எறங்கின?"

"பல்லாவரத்துல பஸ் மாறினேன்."

"ஆங்! பல்லாவரம்! எழுதிக்கோ உஸாமா!"

"எழுதிக்கோ ராசா, நல்லா எழுதிக்கோ. பத்தாப்புல மார்க்குக்கே பொய் சொல்லத் தெரியாத புள்ள அது. இந்தாளுக்கு ரெண்டு வருசமா ஒழைச்சான், இன்னிக்குத் திருடனாம்!" செல்லம்மா குரல் மெஷின் சத்தத்தையும் மீறியது. வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கேட்டிலிருந்து ஏசுபாதமும் வந்து நின்றார்.

மணி மூன்றே முக்கால். எட்டு மெஷின். எட்டு மெஷினுக்குப் பின்னால் நிற்கிற எட்டுக் குடும்பம். கூடியிருந்த முகங்களை ஒவ்வொன்றாக முறைத்தார் பிச்சை.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. அந்தப் பதினாலையும் எடுத்தவன் இங்கதான் கீறான். எனக்குத் தெரியும். அவன் எவனா இருந்தாலும் சரி, இன்னிக்கு அவன் குடிக்கிற டீ அவனுக்குச் செரிக்காது!"

சொல்லிவிட்டு, தொண்டை வறண்டு போனதால், முனியம்மா புதிதாக வைத்துவிட்டுப் போயிருந்த டீயின் மூடியை எடுத்தார்.

ஏசுபாதம் கேட் நோட்டைப் பிரித்துக்கொண்டு தயங்கித் தயங்கி முன்னால் வந்தார்.

"மொதலாளி, கேக்காம வாயத் தொறக்காதன்னு சொல்லியிருக்கீங்க, இருந்தாலும் சொல்றேன்: இந்தம்மா பையில சிடி ரெண்டு இருந்துச்சு, உங்க சீட்டுல ஒண்ணுன்னு எழுதியிருந்துச்சு, அதான் ஒண்ண உள்ள வுட்டுட்டு இன்னொண்ணப் பிடிச்சு டின்னுல போட்டேன்... இப்ப உங்க கையில கீதே, அதுதான்."