வழுக்காத நாள்

இயந்திரம் மறுபடியும் கிறீச்சிட்டது. வழுக்கல் சார் கண்களை மூடிக்கொண்டார்.

அது ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர். எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரையே மசகாக்குவதுதான் அவருடைய வேலை. வெறும் தண்ணீர் சரியாக வழுக்காது, இரும்பையும் துருவேற்றும். அதில் நாலு சொட்டு அயனித் திரவம் விட்டால் எண்ணெய்க்குச் சமமாக வழுக்கும், மண்ணுக்கும் கெடுதல் இல்லை. உருக்காமலே திரவமாக இருக்கும் ஒருவகை உப்பு அது. மூன்று வருடமாகக் கேட்பவர், கேட்காதவர், பெருக்க வரும் அம்மா என்று எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது.

இன்று மேலாளர் பார்க்க வருகிறார். வழுக்கினால் ஆய்வு தொடரும். இல்லாவிட்டால் அவருக்குக் கிடங்கில் ஒரு நாற்காலி தயாராக இருந்தது.

குட்டி பாட்டிலிலிருந்து இன்னும் நாலு சொட்டு விட்டார். வழக்கத்தைவிட நீர்த்திருப்பதாகப் பட்டது. வெயிலுக்கு இளகியிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். உராய்வைச் சோதிக்கும் அந்த இயந்திரத்தின் இரும்புக் குண்டு தட்டில் உரசி முன்னைவிட உரக்க அலறியது.

"என்ன சார், சத்தம் வராந்தா வரைக்கும் கேக்குது?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகுக்குப் பின்னால் மேலாளர். அந்த அறைக் கதவைத் திறந்தால் அது போடும் கூச்சலில் தெருவே திரும்பிப் பார்க்கும். யாரோ வருகிறார்கள் என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் வழுக்கல் சார் முகத்தைச் சரிசெய்துகொள்வார். இன்று அந்த உதவியும் இல்லை.

"கொஞ்சம் ஓடி சூடேறணும் சார். அரை மணி நேரம் குடுங்க."

மேலாளர் போனதும் சொட்டுக் கணக்கை விட்டு ஒரு மூடி நிறைய ஊற்றினார். தட்டில் துரு படர்ந்தது. ஆனது ஆகட்டும் என்று பாட்டிலையே கவிழ்த்தார். தட்டு வழிந்து கால்சட்டை நனைந்தது. மண்டியிட்டுக் கைக்குட்டையால் தரையைத் துடைத்தார்.

"எதையாவது தேடுறீங்களா?"

மறுபடியும் சத்தமில்லாமல் மேலாளர். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். சறுக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு அன்று அதுகூட வாய்க்கவில்லை.

மேலாளர் துருவேறிய தட்டைப் பார்த்தார். அவருக்கும் அலுப்புதான்.

"நானும் மேல பதில் சொல்லணும் சார். மூணு வருஷம் ஆச்சு. மூடிடலாம்."

'இந்தத் தடவை நிச்சயம்' என்று வழுக்கல் சார் தன் மனைவியிடம் காலையில்தான் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாதாடத் தெம்பில்லை.

"சரிங்க சார்."

மேலாளர் வெளியே போகக் கதவை இழுத்தார். நின்றார். தள்ளிப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"இந்தக் கதவு கத்துமே? எவ்வளவு எண்ணெய் போட்டும் அடங்காதே?"

வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தார்.

"எண்ணெய் எதுக்குங்க? தண்ணில கலந்து விட்டாப் போதும்னு சார்தான் தினமும் சொல்றாரே. நேத்து அந்தக் குட்டி பாட்டில்ல இருந்தத அப்படியே கலந்து கீலுக்கு விட்டுட்டு, வெறும் பாட்டிலா இருக்க வேணாமேன்னு கழுவி நல்ல தண்ணியா பிடிச்சு வச்சேன்."