கிடாவுக்குப் பயணம் ஆகாது

மடுல்சீமை,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள மச்சான் ரஜீவுக்கு, உங்கள் அக்கா ஜெயலெட்சுமியும் நானும் நல்ல சுகம். பூனாகலையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியம்மன் துணை. போனில் சொன்னால் பாதியிலேயே சத்தம் போடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

எங்கள் பெட்டை ஆடுகளுக்காக நீங்கள் இரவல் தந்த கிடா, லொறியிலிருந்து இறங்கியதும் சுவரைப் பார்த்து நின்றதுதான், முள்முருங்கைக் குழையைக் காட்டியும் திரும்பவில்லை, பெட்டைகள் வந்து உரசியும் திரும்பவில்லை, உங்கள் அக்கா திருநீறு பூசினாள், நான் வெல்லத்தண்ணீர் வைத்தேன், பக்கத்து வீட்டுப் பாக்கியலெட்சுமி, "இது கிடாவா, சாமியாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். இது செத்தால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, கிடாக்களின் இரத்தத்தை எடுத்து ஆராய்ச்சி செய்கிற யாழ்ப்பாணத்து மிருக வைத்தியர் லதுஷா தோட்டத்துக்கு வந்தார். இரத்தம் எடுத்துக்கொண்டு போய், பிறகு வந்து சொன்னார்:

"ஐயா, லொறிப் பயணம், புது இடம், சத்தம், குளிர் எல்லாம் சேர்ந்து, பயந்தா இரத்தத்தில ஊறுற பதட்ட ஓமோனை ஏத்திப்போட்டுது. அது ஏறினா தீனியும் உடம்பில ஒட்டாது, பெட்டையிலயும் மனம் போகாது."

"டொக்டரம்மா, எனக்கும் ஒருக்கா ரத்தம் எடுங்க. இவரைக் கட்டுன நாள்லேந்து அது ஏறித்தான் கெடக்கு" என்று உங்கள் அக்கா கையை நீட்டினாள்.

டொக்டர் சொன்னபடி கொட்டிலுக்குச் சாக்குத்திரை கட்டினேன், பக்கத்து வீட்டு ஸ்பீக்கரைக் கெஞ்சி நிறுத்தினேன், ஒரே ஆள் தீனி வைக்க வேண்டுமாம், நானே வைத்தேன், சத்தம் ஆகாதென்று பேச்சையும் குறைத்தேன். அதில் உங்கள் அக்காவுக்கும் குணமாகிவிட்டது. கிடா இப்போது குழை தின்கிறது, புண்ணாக்குத் தின்கிறது, கொடியில் காய்ந்த, நான் இடுப்பில் கட்டுகிற சாரத்தில் பாதியையும் தின்றுவிட்டது. பெட்டைகள் இரண்டும் சினை. மறுபடி இரத்தம் பார்த்த டொக்டர், "இப்ப எல்லாம் நல்ல நிலையில இருக்கு ஐயா" என்றார்.

மச்சான், விஷயம் இதுதான். திரும்ப லொறியில் ஏற்றினால் அந்த ஓமோனும் ஏறிவிடும். அந்தப் பாவம் உங்களுக்கு வேண்டாம். கிடா இங்கேயே இருக்கட்டும். என் மடியில் தலை வைத்துத்தான் தூங்குது, எனக்கும் மனசு நிறைஞ்சு கெடக்கு.

உங்கள் பட்டியில் குட்டிகள் பெருக வாழ்த்தும்,
மச்சான் பொன்னையா.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மொஹிதீன் நானாவின் காய்கறி வேன் வாசலில் வந்து நின்றது. உங்கள் கிடா யாரும் ஏற்றாமல் தானே பாய்ந்து ஏறி முட்டைக்கோவா மூட்டைமேல் படுத்துவிட்டது. இழுத்தோம், கெஞ்சினோம், இறங்கவில்லை. "நான் பூனாகலைக்குத்தான் போறேன், விடுங்க" என்று நானா கதவைச் சாத்திவிட்டார். கடிதத்தையும் அவரிடமே கொடுக்கிறேன். வழியில் கிடா தின்னப்போகிற கோவாவைப் பற்றி அவரோடு நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.