படகுத்துறையில் ஒரு குய்க்கா

இந்த ஜூன் மாதம் செத்தாலும் தரைவிரிப்பு துவைப்பதில்லை என்று சபதம் போட்டான் ரெய்மோ. வெயில் வந்தால் போதும், அந்த ஏரிக்கரைப் புருஷன்மார் எல்லாரும் படகுத்துறையில் மண்டிபோட்டு, பைன் சோப்பும் பிரஷ்ஷுமாக வீட்டு விரிப்புகளைத் தேய்த்தாக வேண்டும். முழங்கால் என்ன இரும்பா?

நாணல் பக்கம் ஏதோ ஒரு பறவை முங்கி எழுந்ததைப் பார்த்தான். போதாதா?

"ஐலா, துறைகிட்ட குய்க்கான்னு ஒரு நீர்ப்பறவை கூடு கட்டியிருக்கு! பயந்த ஜென்மம். தண்ணி கலங்கினாலே முட்டையை விட்டுட்டு ஓடிடும்."

"அடப் பாவமே!" என்றாள் மனைவி. "அப்ப விரிப்பு?"

"உயிரை விட விரிப்பா பெருசு?"

"நீ சொன்னா சரிதான். பறவைச் சங்கத்துலயே பேசினவனாச்சே."

ரெய்மோவுக்கு உச்சி குளிர்ந்தது. சனிக்கிழமை சங்கத் தலைவி ஹில்க்கா, நாலு பெண்களோடும் தொலைநோக்கியோடும் காரில் வந்து இறங்கியபோது வீட்டுக்குப் பின்னால் நழுவப் பார்த்தான்.

"ஐலா போன் பண்ணா. எங்க உன் குய்க்கா?" ஹில்க்கா நாணலைத் துழாவினாள். "ஆ, இருக்கு!"

அப்பாடா! ரெய்மோ நெஞ்சை நிமிர்த்தினான்.

"இது குய்க்கா இல்லையே ரெய்மோ. தலையில இம்மாம்பெரிய கொண்டை! கொண்டை முக்குளிப்பான். குய்க்கா வெறுங்கரையில முட்டை போடும். இதுதான் நாணலுக்குள்ள மிதக்குற கூடு கட்டும். போன மாசம் நீர்ப்பறவை பத்தி ஒரு மணி நேரம் அறுத்தது நீதானே?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவமானத்தில் ரெய்மோவின் காது மடலெல்லாம் எரிந்தது. அந்தப் பறவை மாதிரியே தண்ணீருக்குள் முங்கி அக்கரையில் எழுந்துவிட மாட்டோமா என்றிருந்தது.

"எதுவா இருந்தா என்ன?" என்று முனகினான். "கூடு கூடுதானே. கலைக்கலாமா?"

"கூடு அந்தக் கோடியில இருக்கு. இது மனுஷங்களுக்குப் பழகினது. டவுன் துறையில படகுங்களுக்கு நடுவுலயே குஞ்சை முதுகுல ஏத்திட்டுச் சுத்துது. நீ தேய்க்கிற சத்தமெல்லாம் அதுக்கு ஒரு பொருட்டா?"

காரின் பின்கதவு திறந்தது. உள்ளே ஐந்து வீட்டு விரிப்புகள். பெண்கள் அவற்றைத் துறையில் குவித்துவிட்டு, ஐலா சூடேற்றி வைத்திருந்த சௌனா நீராவி அறைக்குள் கலகலவென்று போனார்கள்.

ரெய்மோ பிரஷ்ஷோடு மண்டிபோட்டான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"ஐலா... அது என்ன பறவைன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாமலா எல்லாரையும் விரிப்போட வரச் சொன்னேன்?"