கிழக்கே முந்நூறு மீட்டர்

வக்கீல் என்றாலே எனக்குப் பயம். எனக்காக வாதாடும் வக்கீலாக இருந்தாலும் அப்படித்தான்.

அப்போது பெங்களூரில், வழிகாட்டும் ஆப் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தினமும் கே.ஜி.எஃப்., அதாவது கோலார் தங்கவயலில் இருக்கும் எங்கள் சாம்பியன் ரீப்ஸிலிருந்து ரயில். "இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்" என்பதற்குப் பதிலாக, "தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடப்புறம்" என்று ஆப்பைச் சொல்லவைத்தது என் யோசனை. (என் யோசனை என்பது ஒரு பேச்சுக்கு. கே.ஜி.எஃப்.பில் எல்லாருமே அப்படித்தான் வழி சொல்வார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த எங்கள் அப்பாவுக்கு மீட்டர் என்றால் கரண்ட் மீட்டர்தான்.)

அடையாளம் சொல்லி வழிகாட்டும் முறை தங்கள் காப்புரிமை என்று ஒரு பெரிய கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது. எங்கள் வக்கீலம்மா என்னை அழைத்தார்.

"இதைப் பத்தி யார்கிட்டயும் பேசாதீங்க. எதிர்த்தரப்பு ஆள் அனுப்பி வாயைக் கிளறுவாங்க."

"எங்க ஊர்ல காலங்காலமா இப்படித்தான் மேடம் வழி சொல்றாங்க" என்று முனகினேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். எனக்கு அது வாரண்ட் எழுதுவதுபோல் இருந்தது.

அன்றோடு தூக்கம் போயிற்று. வேலை போய்விடும், கோர்ட்டில் கூண்டில் ஏற்றுவார்கள் என்று நடுங்கினேன். ரயிலில் எதிரே வேர்க்கடலை தின்றவர்மேல்கூடச் சந்தேகம்.

அந்தச் சனிக்கிழமை காலை அப்பாவோடு கறி வாங்கப் போனேன். ஸ்டேஷன் அருகே, தோளில் பை மாட்டிய ஒருவர் போனை நீட்டிப் பிடித்தபடி வந்தார்.

"நந்திதுர்க் சுரங்கத்துக்கு எப்படிங்க போறது?"

போனில் சிவப்புப் புள்ளி. பதிவு செய்கிறார். எதிர்த்தரப்பு ஆளேதான் என்று முடிவு செய்தேன்.

அப்பா உற்சாகமாக ஆரம்பித்தார். "நேரா போங்க சார். அங்க சுரங்கத்துல எறங்குற பழைய ஷாப்ட் ஒண்ணு கீது, அத்தாண்ட..."

பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன்.

"கிழக்கே முந்நூறு மீட்டர். அப்புறம் வடக்கே எழுநூத்தி இருபது" என்றேன். (கிழக்கு எது என்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.)

"ஏதாவது அடையாளம் சொல்லுங்களேன்."

"எங்க ஊர்ல அடையாளம் சொல்ற பழக்கமே இல்லைங்க."

அவர் நான் கைகாட்டிய பக்கம் நடந்தார். அப்பா என் கையை விலக்கி, "இன்னாம்மா ஆச்சு ஒனக்கு?" என்றார்.

திங்கட்கிழமை, முதலாளியும் உட்கார்ந்திருக்க, வக்கீலம்மா ஒரு போனை மேஜைமேல் வைத்தார். "நீங்க சொன்னதை நம்பி என் ஜூனியரை உங்க ஊருக்கு அனுப்பினேன். ஜனங்க எப்படி வழி சொல்றாங்கன்னு பதிவு பண்ண. காலங்காலமா இருக்கிற வழக்கம்னு காட்டிட்டா அவங்க காப்புரிமை செல்லாது. அதுதான் நமக்கு இருந்த ஒரே சாட்சி. முதல்ல கேட்ட ஆள் சொன்ன வழியில போய், சுரங்கக் கழிவு கொட்டின சயனைடு மேட்டுல கால் பிசகித் திரும்பிட்டார். கேளுங்க."

அறை முழுக்க என் குரல். எங்க ஊர்ல அடையாளம் சொல்ற பழக்கமே இல்லைங்க.

பூமி பிளந்து விழுங்கக் கூடாதா என்றிருந்தது. எங்கள் ஊரில் அதற்கு எத்தனையோ குழிகள். பெங்களூரில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

வேலை தப்பியது, என் யோசனை தப்பவில்லை. கம்பெனி சமரசம் பேசி அதை எடுத்துவிட்டது. எங்கள் ஆப் இன்றும் மீட்டரில்தான் வழி சொல்கிறது.

இப்போதும் எங்கள் வாசலில் யாராவது வண்டியை நிறுத்தி வழி கேட்டால், அப்பா உடனே சொல்வதில்லை. என் பக்கம் திரும்பித் தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறார். பிறகு விரல்களைக் கொஞ்சம் விலக்கிக் கேட்கிறார்.

"இன்னாம்மா, ஷாப்ட்ட சொல்லலாமா?"